அரிய வட்டு விளையாட்டுகள்: சீல் பிரிக்காததா, முழுத்தொகுப்பா, வெறும் வட்டா?

பழைய கன்சோல்களுக்கு வட்டில் வெளியான அரிய விளையாட்டு ஒன்றை வாங்கத் தீர்மானித்தவர், அதை எந்த நிலையில் வாங்குவது என்ற கேள்வியை முதலில் எதிர்கொள்கிறார். ஒரே விளையாட்டு சீல் பிரிக்காத பெட்டியாகவும், பெட்டி, கையேடு, வட்டு மூன்றும் சேர்ந்த முழுத்தொகுப்பாகவும், உறைகூட இல்லாத வெறும் வட்டாகவும் விற்பனைக்கு வருகிறது. இவற்றோடு பல சமயம் ஜப்பானியப் பதிப்பும், சில விளையாட்டுகளுக்குப் புதிய கன்சோல்களில் மறுவெளியீடும் உண்டு. விலையில் ஒன்றுக்கொன்று பல மடங்கு வித்தியாசம் இருப்பதால், தேர்வு பிசகினால் நட்டம் சிறியதாக இருக்காது. வாங்கிய பிறகு இரண்டாவது கேள்வி வருகிறது: அந்த வட்டையே கன்சோலில் சுழலவிட்டு விளையாடுவதா, அல்லது ஒரு முறை படி எடுத்துக்கொண்டு வட்டைப் பத்திரப்படுத்திவிடுவதா? பெரும்பாலோர் முதல் கேள்விக்கு விடை கண்டு, வட்டு கைக்கு வந்த பிறகே இரண்டாவதை யோசிக்கிறார்கள். அந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. விளையாடும் வேலையை வட்டின் தலையில் சுமத்துவதில்லை என்று முன்பே முடிவு செய்தவருக்கு, எந்த நிலையில் வாங்குவது என்பது ஏறக்குறைய தானாகவே தெளிவாகிவிடும்.

தரவு எந்தப் பக்கம் இருக்கிறது

இந்த ஒப்பீட்டுக்கு வட்டின் அமைப்பைப் பற்றிய ஒரு செய்தி அடிப்படையானது. குறுந்தகடு 12 செ.மீ. விட்டமும் 1.2 மி.மீ. கனமும் உள்ள பாலிகார்பனேட் தட்டு. லேசர் அடிப்பக்கத்திலிருந்து படிப்பதால் தரவும் அங்கேதான் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தரவுக் குழிகள் தட்டின் மேல்பரப்பில், படம் அச்சிட்ட பக்கத்தை ஒட்டியே பதிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் மீது மிக மெல்லிய அலுமினியப் படலம், அதன் மீது அரக்குப் பூச்சு, அதன் மீது அச்சு மை. தரவைக் காக்க அந்தப் பக்கத்தில் இருப்பது இவ்வளவே. அடிப்பக்கத்திலோ முழு 1.2 மி.மீ. பிளாஸ்டிக் காவல் நிற்கிறது. லேசர் அந்தக் கனத்தைக் கடந்து உள்ளே குவிவதால், அடிப்பரப்பில் உள்ள மெல்லிய கீறல்கள் அதன் குவியத்துக்கு வெளியே போய்விடுகின்றன. பார்ப்பதற்குப் பயமுறுத்தும் அளவுக்கு அடியில் கீறியிருக்கும் வட்டு ஒழுங்காக ஓடுவதும், அடிப்பக்கம் கண்ணாடி போலிருந்தும் படத்தின் மீது ஊசி முனை அளவு உரிந்துள்ள வட்டு பாதியில் உறைந்து நிற்பதும் இதனால்தான்.

டிவிடியின் அமைப்பு வேறு. தலா 0.6 மி.மீ. கனமுள்ள இரண்டு தட்டுகளை ஒட்டி, தரவுப் படலத்தை நடுவில் வைத்திருக்கிறார்கள். மேலும் கீழும் சம அளவு காவல் உண்டு. புளூ-ரேயில் தரவு அடிப்பரப்பிலிருந்து வெறும் 0.1 மி.மீ. ஆழத்தில் இருக்கிறது; அதனால்தான் அதன் மீது கடினப் பூச்சு கொடுத்திருக்கிறார்கள்.

எந்தக் கன்சோல் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் பிற்பாடு முடிவு எடுப்பது எளிது. 1988-இல் வந்த பிசி எஞ்சின் சிடி-ராம், 1991-இல் வந்த மெகா சிடி, 1994-இல் வந்த சாட்டர்ன், பிளேஸ்டேஷன் ஆகியவை குறுந்தகட்டு வகை. 1998-இல் வந்த டிரீம்காஸ்டின் ஜிடி-ராம் சுமார் 1 ஜிபி கொள்வது என்றாலும், கட்டுமானத்தில் அதுவும் குறுந்தகடுதான். அதன் தரவும் படத்தின் அடியில்தான் இருக்கிறது. 2000-இல் வந்த பிளேஸ்டேஷன் 2-க்கு இரண்டு வகையும் உண்டு: அடிப்பக்கம் நீலமாக இருந்தால் குறுந்தகடு, வெள்ளியாக இருந்தால் டிவிடி. கேம்கியூபின் 8 செ.மீ. சிறு வட்டு டிவிடி வகை. பிளேஸ்டேஷன் 3 முதல் புளூ-ரே.

சீல் பிரிக்காத பெட்டி

சேகரிப்பு உலகில் மிக உயர்ந்த விலை இதற்குத்தான். ஆனால் வட்டு விளையாட்டுகளைப் பொறுத்தவரை, இருக்கும் வழிகளில் மிகப் பலவீனமானது இதுவே என்று கருதுகிறேன். காரணம் எளியது: எதற்காகப் பணம் கொடுக்கிறோமோ அதைப் பார்க்க முடியாது.

வட்டின் அலுமினியப் படலத்துக்கு இயல்பான எதிரி ஆக்சிஜனேற்றம். அரக்குப் பூச்சில் குறை இருந்தாலோ விளிம்பில் சரியாக மூடப்படாமல் இருந்தாலோ காற்றும் ஈரமும் உள்ளே புகுந்து, அலுமினியம் பிரதிபலிப்பை இழக்கிறது. இதையே வட்டு அழுகல் என்கிறார்கள். இதற்கு நன்கு அறியப்பட்ட உதாரணம் இசைத் துறையில் உண்டு: இங்கிலாந்தின் பிளாக்பர்னில் இருந்த பிடிஓ ஆலையில் 1988-க்கும் 1993-க்கும் இடையே அச்சான குறுந்தகடுகள் பல, காகித உறையிலிருந்த கந்தகத்தை அரக்குப் பூச்சு தாங்காததால், விளிம்பிலிருந்து வெண்கல நிறமாக மாறிப் போயின. அவற்றில் யாரும் கை வைக்க வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. சீல் பிரிக்காத பெட்டி வட்டைக் கைரேகையிலிருந்தும் கீறலிலிருந்தும் காக்கும். இத்தகைய வேதியியல் மாற்றத்திலிருந்து காக்காது.

வாட்டா போன்ற தரமிடும் நிறுவனங்கள் பெட்டியின் நிலைக்கும் சீலின் நிலைக்கும் மதிப்பெண் கொடுத்து, அக்ரிலிக் கூட்டில் அடைத்துத் தருகின்றன. சீல் பிரிக்காத பெட்டிக்குள் வட்டு என்ன நிலையில் இருக்கிறது என்பது அந்த மதிப்பெண்ணில் அடங்காது, அடங்கவும் முடியாது. இன்னொரு சிக்கல், வட அமெரிக்காவில் மெகா சிடிக்கும் சாட்டர்னுக்கும் பயன்படுத்திய உயரமான பிளாஸ்டிக் பெட்டிகள். வட்டு நழுவாமலிருக்க அவற்றில் ஸ்பாஞ்சு வைத்திருந்தார்கள். அந்த ஸ்பாஞ்சு காலப்போக்கில் பொடிந்தும் பிசுபிசுத்தும் போகிறது. அதற்குள் வட்டு மையப் பிடியிலிருந்து கழன்று பெட்டிக்குள் உருண்டுகொண்டிருந்தாலும் வெளியிலிருந்து திருத்த வழியில்லை. பெட்டியைப் பிரித்தால் விலை சரிந்துவிடும் என்பதால் உரிமையாளரே தன் பொருளுக்கு வைத்தியம் பார்க்க முடியாத நிலை. பழைய பெட்டிகளுக்கு மறுபடி பிளாஸ்டிக் சுற்றி விற்கும் மோசடியும் நடக்கிறது. பிரித்துப் பார்க்காமல் நிரூபிக்க முடியாது, பிரித்துவிட்டால் நிரூபித்தும் பயனில்லை.

அட்டைப்படத்தையும் உறையையும் கலைப்பொருளாகச் சேகரிப்பவருக்கு இந்த வாதங்கள் பொருந்தா. அவர் வாங்குவது பெட்டியை. விளையாட்டை வாங்க நினைப்பவர் இந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

முழுத்தொகுப்பு

திறந்து பயன்படுத்திய, ஆனால் எல்லாம் சேர்ந்திருக்கும் தொகுப்புக்கே என் வாக்கு. இதில் வட்டைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், அல்லது பார்த்துச் சொல்லுமாறு விற்பவரிடம் கேட்கலாம். சேகரிப்பின் மற்ற பகுதிகளும் கூடவே வருகின்றன. அந்த மற்ற பகுதிகள் வெறும் அலங்காரம் என்று நினைப்பவருக்கு 1998-இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த மெட்டல் கியர் சாலிட் நல்ல விடை. விளையாட்டின் நடுவே ஒரு பாத்திரத்தோடு வானொலியில் பேச வேண்டிய அலைவரிசை தேவைப்படுகிறது. அது குறுந்தகட்டுப் பெட்டியின் பின்புறத்தில் இருக்கிறது என்று விளையாட்டே சொல்கிறது. அந்த எண் உண்மையிலேயே வாங்கியவரின் கையில் உள்ள பெட்டியின் பின்புறத்தில், ஒரு காட்சிப் படத்துக்குள் அச்சிடப்பட்டிருந்தது. வெறும் வட்டை வைத்திருப்பவருக்கு விளையாட்டின் ஒரு துண்டு அங்கே இல்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றில் முதலாவது, அலுமினியப் படலம். இருட்டு அறையில் வட்டின் படப் பக்கத்துக்குப் பின்னால் பிரகாசமான டார்ச்சைப் பிடித்து அடிப்பக்கத்திலிருந்து பார்த்தால், படலம் உரிந்த இடங்களில் ஒளி ஊசித் துளைகளாகத் தெரியும். பிளேஸ்டேஷன் வட்டுகளின் கருமை, லேசரின் அகச்சிவப்பு ஒளிக்கு ஊடுருவக்கூடிய சாயத்தால் வந்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளி அதில் எளிதாக நுழையாது என்பதால் அவற்றுக்கு இன்னும் வலிமையான விளக்கு வேண்டும். ஒன்றிரண்டு துளைகளைக் கண்டு பதறத் தேவையில்லை. சில ஆலையிலிருந்து வரும்போதே இருந்தவை. குறுந்தகட்டின் பிழைதிருத்த முறை, தடத்தின் நீளத்தில் சுமார் 2.5 மி.மீ. வரை தொடர்ச்சியாக விடுபட்டாலும் சரிசெய்துவிடும் வலிமை உடையது. துளைகள் கூட்டமாக இருந்தாலோ, விளிம்பிலிருந்து உள்நோக்கிப் பழுப்பு பரவியிருந்தாலோ எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிட வேண்டும். அழுகலுக்கு மருந்து கிடையாது.

அடிப்பக்கக் கீறல்களில் திசையைக் கவனிக்க வேண்டும். மையத்திலிருந்து விளிம்பு நோக்கிச் செல்லும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் தடத்தைச் சற்றே குறுக்கிடுகிறது. பிழைதிருத்தம் அதைச் சமாளிக்கும். தடத்தோடு சேர்ந்து வட்டமாகப் போகும் கீறல் ஒரே இடத்தில் நிறையத் தரவை மறைக்கும். கன்சோல் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை நகர்த்தியவர்களின் வட்டுகளில் இந்த வட்டக் கீறலைப் பார்க்கலாம். அடுத்து நடுத்துளையைச் சுற்றிச் சிறு வெடிப்புகள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். இறுக்கமான பெட்டியிலிருந்து வட்டை வளைத்து இழுத்ததன் அடையாளம் அது. வேகமாகச் சுழலும்போது வெடிப்பு நீளும்.

போலிகளைப் பொறுத்தவரை, உள்வளையத்தில் பொடி எழுத்தில் உள்ள குறியீடுகளைப் பார்ப்பது பயன் தரும். 1994 முதல் வட்டு ஆலைகள் ஐஎஃப்பிஐ என்று தொடங்கும் அடையாள எண்களைப் பதிக்கத் தொடங்கின; அதற்கு முந்தைய வட்டில் அது இல்லாதது இயல்பு, பிந்தைய வட்டில் இல்லையென்றால் மற்றவற்றையும் கூர்ந்து பார்க்க வேண்டும். வீட்டில் எழுதிய வட்டின் அடிப்பக்கத்தில் சாயத்தின் பச்சை அல்லது நீலச் சாயல் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். கையேட்டை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், ஆப்செட் அச்சின் ஒழுங்கான புள்ளி வரிசையும் பிரிண்டரின் சிதறிய புள்ளிகளும் வேறுபட்டுத் தெரியும்.

பெட்டி உடைந்திருப்பதைப் பேரம் பேசும் காரணமாக எடுத்துக்கொள்ளலாம். நிராகரிக்கும் காரணமாக வேண்டாம். பிளேஸ்டேஷன் விளையாட்டுகளும் ஜப்பானிய சாட்டர்ன் விளையாட்டுகளும் பெரும்பாலும் சாதாரண இசைக் குறுந்தகட்டுப் பெட்டியிலேயே வந்தன; புதுப் பெட்டி மாற்றுவது எளிது. வட அமெரிக்காவின் உயரமான சாட்டர்ன் பெட்டிக்கு அந்த வசதி இல்லை.

வெறும் வட்டு

பொதுவாக வெறும் வட்டை ஏழைச் சேகரிப்பாளரின் வழி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது வகையைப் பொறுத்தது என்பேன். உறையில்லாமல் வளர்ந்த வட்டின் இரு பக்கமும் தேய்ந்திருக்கும். குறுந்தகட்டுக்கும் ஜிடி-ராமுக்கும் படப் பக்கத் தேய்மானம் உயிருக்கே ஆபத்து. ஆகவே சாட்டர்ன், மெகா சிடி, டிரீம்காஸ்ட் வெறும் வட்டுகளைக் கண்ணால் பார்க்காமல் வாங்கக் கூடாது. டிவிடி வகையில் படப் பக்கத்தின் அடியிலும் 0.6 மி.மீ. பிளாஸ்டிக் இருப்பதால், பிளேஸ்டேஷன் 2, கேம்கியூப் வெறும் வட்டுகள் பல சமயம் நியாயமான பேரமாக அமைகின்றன. உறையோடு வந்தால் எட்டாத விலையில் இருக்கும் விளையாட்டை விளையாட மட்டும் விரும்புபவர், இந்த வகையில் தயங்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. வாடகைக் கடையிலிருந்து வந்த வட்டுகளின் மீது ஒட்டுத்தாள் இருக்கும். அதைச் சுத்தம் செய்கிறேன் என்று உரித்தால், பசை அரக்கையும் மையையும் அலுமினியத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வரக்கூடும். அது எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் அப்படியே விட்டுவிடுவது நல்லது.

ஜப்பானியப் பதிப்பும் மறுவெளியீடும்

சில விளையாட்டுகளின் அருமை, பதிப்பு சார்ந்தது. 1998-இல் சாட்டர்னுக்கு நான்கு வட்டுகளில் வந்த பான்சர் டிராகூன் சாகாவின் ஆங்கிலப் பதிப்பு, அந்தக் கன்சோல் மேற்கில் மங்கிக்கொண்டிருந்த நேரத்தில் குறைவாகவே அச்சானது. 'அசெல்' என்ற பெயரில் வந்த ஜப்பானியப் பதிப்பு அவ்வளவு அரிதில்லை. அதே ஆண்டு சாட்டர்னுக்கு வந்த ரேடியன்ட் சில்வர்கன் ஜப்பானில் மட்டுமே வெளியானது. சுட்டு விளையாடும் வகை என்பதால் மொழி தெரியாதது பெரிய தடை இல்லை. கதை ஓட்டத்தை நம்பியிருக்கும் விளையாட்டுகளில் அந்த வசதி கிடையாது. ஆனால் ஆர்வலர்கள் செய்த மொழிபெயர்ப்பு ஒட்டுகள், அதாவது படியில் உள்ள உரையை வேறு மொழிக்கு மாற்றும் சிறு கோப்புகள், பல விளையாட்டுகளுக்கு உள்ளன. போலிஸ்நாட்ஸ் அவற்றில் ஒன்று. சொந்த ஜப்பானிய வட்டிலிருந்து படி எடுத்து அதன் மீது ஒட்டைப் பூசிக்கொள்ளலாம் என்பதால், விளையாட்டைப் படியிலிருந்து ஓட்டுவது என்று முடிவு செய்தவருக்கு ஜப்பானியப் பதிப்பின் மதிப்பு கூடுகிறது. ஒரு நாட்டின் வட்டை வேறு நாட்டுக் கன்சோல் ஏற்காமல் தடுக்கும் பிராந்தியப் பூட்டும் அந்த முடிவோடு பெரும்பாலும் ஒழிந்துபோகிறது. வட்டையே ஓட்டுவதானால், சாட்டர்னுக்கு ஒரு கார்ட்ரிட்ஜ் போதும், பிசி எஞ்சின் சிடிக்குப் பூட்டே இல்லை. பிளேஸ்டேஷன் மட்டும் வட்டின் உட்பகுதியில் தடத்தின் நெளிவில் எழுதப்பட்ட பிராந்திய எழுத்துகளைச் சரிபார்க்கும் என்பதால் கன்சோலை மாற்றியமைக்க வேண்டியிருக்கும்.

ஜப்பானியப் பதிப்புகளில் பெட்டியின் முதுகைச் சுற்றி வரும் 'ஓபி' என்ற காகிதப் பட்டை இருக்கிறதா என்று கேட்பது நல்லது. விளையாட அது தேவையில்லை. மறுவிற்பனையில் அதற்கு ஒரு விலை உண்டு.

மறுவெளியீடு இருந்தால், விளையாடுவது மட்டுமே நோக்கமாக உள்ளவர் அதையே வாங்கலாம். ரேடியன்ட் சில்வர்கன் 2011-இல் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் 2022-இல் ஸ்விட்சுக்கும் வந்தது; சுய்கோடென் 2, முதல் பாகத்தோடு சேர்த்துப் புதுப்பித்த வடிவில் 2025 மார்ச்சில் வெளியானது. இருந்தாலும் இதை நிரந்தர ஏற்பாடாகக் கொள்ள முடியாது. வீ யூ, 3டிஎஸ் கன்சோல்களின் இணையக் கடை 2023 மார்ச்சிலும், எக்ஸ்பாக்ஸ் 360-இன் கடை 2024 ஜூலையிலும் மூடப்பட்டன. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

வட்டைச் சுழலவிடுவதா, படியை ஓட்டுவதா

அசல் வட்டை அசல் கன்சோலில் போட்டு, அது சுழலும் ஓசையோடு விளையாடுவதில் ஒரு நிறைவு இருப்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கன்சோலுக்கும் வட்டுக்கு ஆன அதே வயது. முதல் தலைமுறை பிளேஸ்டேஷனில் லேசர் நகரும் தடம் பிளாஸ்டிக். அது தேய்ந்து லேசர் சாய்ந்துவிட்டதால் கன்சோலைத் தலைகீழாகக் கவிழ்த்து விளையாடியவர்கள் பலர். தேய்ந்த லேசர், நல்ல வட்டையும் படிக்கத் திணறும். குற்றம் வட்டினுடையது என்று நினைத்து அதைத் தேவையில்லாமல் துடைத்தும் மெருகேற்றியும் கெடுப்பது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இதற்கு மாற்று, வட்டு இயக்கியின் இடத்தில் நினைவக அட்டையிலிருந்து படிக்கும் பலகையைப் பொருத்துவது. சாட்டர்னுக்கு இரண்டு வகை உண்டு: ஃபென்ரிர் இயக்கியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உட்காரும், சேட்டியேட்டர் பின்புறத்தில் வீடியோ சிடி அட்டைக்காக விட்டிருந்த துளையில் செருகப்படுவதால் கன்சோலின் இயக்கி அப்படியே இருக்கும். பழைய பொருளைப் பிரிக்க மனம் வராதவருக்கு இரண்டாவதையே பரிந்துரைப்பேன். டிரீம்காஸ்டுக்கு ஜிடிஈமு, கேம்கியூபுக்கு ஜிசி லோடர், பிளேஸ்டேஷனுக்கு எக்ஸ்ஸ்டேஷன். கடைசியில் சொன்னதற்குச் சால்டர் வேலை தெரிந்திருக்க வேண்டும். தடித்த வடிவ பிளேஸ்டேஷன் 2-இல் நெட்வொர்க் அடாப்டரோடு ஹார்டு டிஸ்க் பொருத்தி, ஓப்பன் பிஎஸ்2 லோடர் என்ற மென்பொருளால் ஓட்டலாம். கன்சோலே வேண்டாம் என்பவருக்குக் கணினியில் கன்சோலைப் போலவே இயங்கும் எமுலேட்டர் மென்பொருளும், பழைய கன்சோலின் சுற்றுகளையே சில்லில் மறுபடி உருவாக்கும் மிஸ்டர் போன்ற வன்பொருள் வழியும் இருக்கின்றன. மிக மலிவு எமுலேட்டர்தான். பழைய டியூப் தொலைக்காட்சியில் அசல் கட்டுப்பாட்டுப் பிடியோடு விளையாடும் உடனடித் தன்மையை எதிர்பார்ப்பவருக்கு அது முழு நிறைவு தராது.

படி எடுப்பதில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பல குறுந்தகட்டு விளையாட்டுகளில் முதல் தடம் மட்டும் நிரல். மற்றவை சாதாரண இசைத் தடங்கள். ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்தால் இசை முழுவதும் போய்விடும். பின், கியூ என்ற இரட்டைக் கோப்பாக எடுக்க வேண்டும். ஐரோப்பியப் பிளேஸ்டேஷன் விளையாட்டுகள் சிலவற்றில் திருட்டுத் தடுப்பு, விளையாட்டுத் தரவுக்கு இணையாக வட்டில் பதிவாகும் துணைத்தரவில் ஒளிந்திருப்பதால் அதையும் சேர்த்து எடுக்க வேண்டும். டிரீம்காஸ்ட் வட்டின் வெளிப்பகுதியைச் சாதாரணக் கணினி இயக்கி படிக்காது. கன்சோலையே வைத்துப் படிப்பது வழக்கமான வழி. கேம்கியூப் வட்டை, மாற்றியமைத்த வீ கன்சோலில் கிளீன்ரிப் மென்பொருள் மூலம் எடுக்கலாம். சொந்த வட்டிலிருந்து எடுக்கும் படியைக்கூடச் சட்டம் நாட்டுக்கு நாடு வெவ்வேறாகப் பார்க்கிறது; அதைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

இந்த வழியின் உண்மையான பலன், விளையாடுவதைவிட வட்டைச் சோதிப்பதில் இருக்கிறது என்பேன். ரீடம்ப் என்ற தரவுத்தளத்தில் ஆயிரக்கணக்கான வட்டுகளின் ஹாஷ் எண்கள், அதாவது கோப்பின் முழு உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற எண்கள், பதிவாகியுள்ளன. நம் படியின் எண் அதோடு ஒத்துப்போனால், வட்டில் உள்ள ஒவ்வொரு பிட்டும் இன்று சரியாகப் படிக்கப்பட்டது என்று பொருள். டார்ச் வெளிச்சமும் விற்பவரின் வாக்குறுதியும் தர முடியாத உறுதி இது. முதல் காட்சி ஓடுகிறது என்பதால் வட்டு நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. குறுந்தகடு உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவது, அழுகலோ பெரும்பாலும் விளிம்பிலிருந்து தொடங்குவது. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மறுபடி படித்து ஒப்பிட்டால், கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே சரிவைப் பிடித்துவிடலாம்.

மெருகேற்றுவதா, விட்டுவிடுவதா

ஈர முறையில் மெருகேற்றும் இயந்திரம் அடிப்பக்கப் பிளாஸ்டிக்கின் மெல்லிய அடுக்கைத் தேய்த்தெடுத்துக் கீறலை மறைக்கிறது. குறுந்தகட்டுக்கும் டிவிடிக்கும் இது பலன் தரும். புளூ-ரேயில் கடினப் பூச்சும் 0.1 மி.மீ. அடுக்கும் மட்டுமே இருப்பதால் தொடவே கூடாது. படப் பக்கக் காயத்துக்கும் அழுகலுக்கும் எந்த இயந்திரமும் உதவாது. படி சரியாக வரும் வட்டைப் பார்வைக்காக மெருகேற்றுவதை நான் ஆதரிக்க மாட்டேன். விற்பனைக்கு முன் மெருகேற்றிய வட்டை, சாய்வான ஒளியில் தெரியும் மெல்லிய சுழல் கோடுகளால் அடையாளம் காணலாம். அதைவிடக் கீறலை மறைக்காமல் காட்டும் வட்டு நம்பகமானது. பற்பசை, தின்னர், அசிட்டோன் ஆகியவற்றைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. பின்னிரண்டும் பாலிகார்பனேட்டைக் கரைக்கும்.

சுத்தம் செய்வதற்கு முதலில் காற்றை ஊதித் தூசியை நீக்க வேண்டும். அதற்கும் மீறிய அழுக்குக்குக் காய்ச்சி வடித்த நீர் போதும், பிசுக்கு இருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். மையத்திலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால், மேலே சொன்ன வட்டக் கீறலை நாமே உண்டாக்கியவர்கள் ஆவோம்.

சேமிப்புக்கு, அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2003-இல் வெளியிட்ட கையேடு இன்றும் நல்ல வழிகாட்டி. வட்டைச் செங்குத்தாக, அதன் பெட்டியில், 4 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் 20 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்திலும் வைக்கச் சொல்கிறது அது, ஒட்டுத்தாளும் கூடாது. அந்த அளவு குளிர்ச்சி எல்லார் வீட்டிலும் வாய்க்காது. வாய்க்காதவர் வெயில் படும் சுவரையும், திடீரென்று ஏறி இறங்கும் வெப்பத்தையும் தவிர்ப்பதில் கவனம் செலுத்தலாம். பிவிசி உறைகளிலிருந்து வெளியேறும் மென்மையூட்டி வட்டில் படியும் என்பதால் பாலிபுரோப்பிலீன் உறைகளையே வாங்க வேண்டும். பழைய ஸ்பாஞ்சுத் துண்டுகளை எடுத்துத் தனியே பையில் போட்டு வைக்கலாம். வட்டைத் தொடும் இடத்தில் அவை இருக்கக் கூடாது.

ஆகவே வட்டு வந்து சேர்ந்த அன்றே, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், படி எடுத்து ஹாஷ் எண்ணை ஒப்பிட வேண்டும். ஒத்துப்போகவில்லையென்றால் துடைத்துவிட்டு மீண்டும் ஒரு முறை, பிறகு வேறொரு இயக்கியில் ஒரு முறை. அதற்கும் மசியாவிட்டால் திருப்பி அனுப்புவதா மெருகேற்றிப் பார்ப்பதா என்பதைக் கீறல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே தீர்மானிக்கும். மெருகேற்றிய பொருளைத் திரும்ப வாங்கிக்கொள்ள விற்பவர் மறுக்கலாம் என்பதால், அந்த முடிவை அவரிடம் பேசிய பிறகே எடுக்க வேண்டும். நான்கு வட்டுத் தொகுப்பில் ஒன்று மட்டும் பழுதாக இருந்தால் தொகுப்பையே திருப்பி அனுப்ப அவசரப்பட வேண்டாம். வெறும் வட்டுச் சந்தை உண்மையில் கைகொடுக்கும் இடம் இதுதான்: விலையில் தக்க தள்ளுபடி கேட்டு வாங்கிக்கொண்டு, அதே பிராந்தியத்தின் அதே பதிப்பில் அந்த ஒரு வட்டை மட்டும் தேடிச் சேர்த்துக்கொள்ளலாம்.